கார் ஸ்டீரியோவில் முழு ஆக்டிவ் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஆம்ப் சேனல்) போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாலக்கோடு தக்காளி:
பாஸிவ் கிராஸ்ஓவரை (ஆம்புக்கு அப்புறம் சத்தத்தைப் பிரிக்கிற கெபாசிட்டர், காயில் பெட்டி) கழற்றியது என் முடிவுதான், யாரையும் குறை சொல்லவில்லை. கதவில் நடுச் சத்தத்துக்கு ரெண்டு மிட், முன்கண்ணாடி ஓர பில்லரில் கீச்சுச் சத்தத்துக்கு ரெண்டு ட்வீட்டர், நாலுக்கும் தனித்தனி ஆம்ப் சேனல், முன்னால் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் டிஎஸ்பி பெட்டி. கனத்த சத்தம் போனால் ட்வீட்டர் தாங்காது, அதனால் அதற்கு 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும்போதெல்லாம்) 24 டெசிபல் குறைகிற மாதிரி கட் போட்டு சேவ் செய்தாச்சு. தர்மபுரியில் வயரிங் செய்த கடையில் தம்பி, "அண்ணா, அடுத்த பிரிசெட் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே தட்டிவிட்டான். பிரிசெட் என்றால் டிஎஸ்பியில் சேவ் செய்து வைக்கிற செட்டிங்; அது காலி, கட் எதுவும் கிடையாது. தவில் ஒரே ஒரு அடி. வலது பில்லரில் "டிக்". அப்புறம் வார்னிஷ் கருகுகிற வாசம். தம்பி என்னைப் பார்க்கிறான், நான் தம்பியைப் பார்க்கிறேன், கதவில் மிட் மட்டும் அது பாட்டுக்குப் பாடுகிறது. ஒற்றையாக வேறு கிடைக்கவில்லை, ஜோடியாகத்தான் வாங்கினேன்.

டிஎன் 24 டீசல்:
கெபாசிட்டர் இல்லாமல் நேராக ஆம்பில் மாட்டினால் இதுதான் ப்ரோ. 4 ஓம் ட்வீட்டருக்கு 47 மைக்ரோஃபாரட் நான்-போலார் (ப்ளஸ், மைனஸ் பேதமில்லாத) கெபாசிட்டர் ஒன்று சீரீஸில் போடுங்கள், 850 ஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து கீழே தானாகக் குறையும். எனக்கும் ஒன்று போயிருக்கிறது, ஆம்ப் ஆன் ஆகும்போது வந்த "டப்"பில்.

பர்கூர் மாப்ள:
கெபாசிட்டர் போட்டால் அப்புறம் அது என்ன ஆக்டிவ்? பிரிசெட் எல்லாவற்றிலும் கட் போட்டு வைத்தால் முடிந்தது. என் கதை வேறு. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் செகண்ட் கியர், ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "ஊய்ங்ங்" என்று ஏறுகிறது, வீட்டம்மா கொசு என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கினாள். ஆம்ப் எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தார்கள், சுரண்டித் தகரம் தெரிய மாட்டியதும் நின்றது. புதிதாகப் போடுபவர்களே, பவர் ஒயர் ஒரு பக்கம், ஆர்சிஏ (பாட்டு சிக்னல் ஒயர்) மறுபக்கம் இழுங்கள். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கணும், ஆம்ப் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒயர் உரசும்போது அது காப்பாற்றாது. அலுமினியத்தில் செம்பு பூசிய ஒயரை நாலு கேஜ் (தடிமன் அளவு) என்று நீட்டுவார்கள், நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம். முதலில் கதவுத் தகரத்துக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட், அப்புறம்தான் ஆம்ப். சப்-வூஃபரை வேறு...

பாலக்கோடு தக்காளி:
மாப்ள, கேட்டது ட்வீட்டர் கதை. கட் செய்வது டிஎஸ்பிதான், கெபாசிட்டர் காவலுக்கு. நான் போட்டுவிட்டேன்.

ஓசூர் 70:
எனக்கு எதுவும் எரியவில்லை. வலது ஸ்பீக்கர் என்னிடமிருந்து 90 சென்டிமீட்டர், இடது 135. மில்லி செகண்டுக்குச் சத்தம் 34 சென்டிமீட்டர் போகும் என்று கணக்குப் போட்டு வலதுக்கு 1.3 மில்லி செகண்ட் டிலே (தாமதம்) கொடுத்தேன், பாடுகிறவர் டேஷ்போர்டு நடுவில் வந்து நின்றார், கிருஷ்ணகிரி டோல் வரைக்கும் நான் பேசவே இல்லை. இடது சீட்டில் அம்மா. "ஏன்டா, பாட்டு இந்தக் கதவுக்குள்ள மட்டும்தான் கேக்குது, உன் பக்கம் ரிப்பேரா?"