பில் தாமதமானது அவரால், திட்டு வாங்கியது நான்

நூல்கண்டு:
கோவையில் ஒரு தொழிற்சாலையில் 3 வருடமாக அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன். ஒப்பந்ததாரர்களிடம் பிடித்த டிடிஎஸ்ஸை (பில் தொகையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) மறுமாதம் 7ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். போன மாதக் கடைசித் தேதி போட்ட நான்கு பில்கள் பர்ச்சேஸ் சீனியரிடமிருந்து 9ஆம் தேதிதான் வந்தன. மறுநாளே கட்டியும், பிடித்த மாதம், கட்டிய மாதம் இரண்டுக்கும் 1.5 சதவீதம் வீதம் 3 சதவீத வட்டி விழுந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைத்தான் கேட்டார், சீனியர் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், டீக்குக்கூடச் சேர்ந்துதான் போவார்கள். சொன்னால் கோள்மூட்டுவதாக ஆகும், சொல்லாவிட்டால் ஏப்ரல் இன்க்ரிமென்டில் இது வந்து நிற்கும். என்ன செய்யலாம்?

சேலம் கணக்கர்:
முதலில் ஒரு இன்வர்ட் நோட்டு போடுங்க. பில் தேதி, உங்கள் கைக்கு வந்த தேதி, கொடுத்தவர் கையெழுத்து, அவ்வளவுதான். அப்புறம் மேனேஜருக்கு மெயில்: "7ஆம் தேதி கட்ட, 3ஆம் தேதிக்குள் பில் வேண்டும்." யார் பெயரும் வேண்டாம், பழையதைக் கிளறவும் வேண்டாம்.

மல்லிகா:
நோட்டு சரி, ஆனால் எடுத்த எடுப்பில் மேனேஜருக்கு மெயில் போடாதீர்கள் தம்பி. நான் அப்படித்தான் போட்டேன். அந்த மனிதர் ஒரு வருடம் என் பேப்பர் எதையும் நேரத்துக்கு நகர்த்தவே இல்லை. உங்கள் சீனியரிடமே தனியாகப் போய், "அண்ணே, பில் எங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள், பெரும்பாலும் வேலை முடிந்ததற்கான கையெழுத்து கிடைக்காமல்தான் தேங்கும். அவர் அன்று பேசாமல் நின்றது தப்புதான், அதையும் நேரில் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் மட்டும் இந்தப் பேச்சே வேண்டாம், மாலைக்குள் அவர் காதுக்குப் போய்விடும், அதுவும் நீங்கள் சொன்ன மாதிரி போகாது.

சேலம் கணக்கர்:
மல்லிகா அக்கா சொல்வதும் சரிதான், பேசிய பிறகு மெயில் போடுங்க. இன்னொன்று, மாதக் கடைசியிலேயே முடிந்த வேலைகளின் பட்டியலை வாங்கி புரொவிஷன் போட்டு (பில் வராத செலவை முன்கூட்டியே கணக்கில் எழுதி) டிடிஎஸ்ஸைப் பிடித்துவிட்டால் பில்லுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

நூல்கண்டு:
இன்று சீனியரிடம் பேசினேன். பராமரிப்புப் பிரிவில் கையெழுத்துப் போடுபவர் 8ஆம் தேதி வரை லீவாம். "அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றார், எனக்குப் பாதி பாரம் இறங்கியது. 30ஆம் தேதி பட்டியல் தருவதாக ஒப்புக்கொண்டார், அதையே மெயிலாகப் போட்டு மேனேஜரையும் சேர்த்திருக்கிறேன், சீனியரிடம் கேட்டுவிட்டுத்தான்.