பூ வாங்கினால் தள்ளிவிடுவது இலவசம்

இலங்கை மலைநாட்டு ரோட்டில் எந்த வண்டியில் போனீர்கள், வழியில் யார் அகப்பட்டார்கள்? அவரவர் அனுபவத்தை எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

கொட்டகலைக்காரன்:

கம்பளையில் இருக்கும் என் சித்தப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் 1000 இருக்கிறது. 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு, 948 சிசி எஞ்சின், சாம்பல் நிறம். 1961க்கு முந்திய மைனர் என்பதால் சிக்னல் லைட் கிடையாது. சுவிட்சைத் திருப்பினால் கதவுக்குப் பின்னால் இருக்கிற தூணிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை எழும்பி நிற்கும், உள்ளே பல்ப் எரியும். பின்னால் வருகிற பஸ்காரருக்கு அது என்னவென்றே விளங்காது. அதனால் சித்தப்பா அதையும் போட்டு, ஜன்னலால் தன் கையையும் நீட்டுவார்.

கம்பளை கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டரில். வேன்காரர்கள் ஒரே மூச்சில் ஏறிவிடுவார்கள். எங்களுக்கு அது அரை நாள் வேலை. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, எஞ்சினுக்கு இழுவை குறைகிறது. செகண்ட் கியரில் உறுமிக்கொண்டு ஏறும்போது பக்கத்தில் நடந்து போகிறவர்களிடம் குசலம் விசாரிக்கலாம். விசாரித்தும் இருக்கிறோம்.

இறம்பொடைக்கு மேலே வளைவுகளில் பூ விற்கிற பையன்களை அந்த ரோட்டில் போன எல்லாருக்கும் தெரியும். கீழ் வளைவில் பூங்கொத்தைக் காட்டுவான். வாங்காமல் போனால் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஓடி ஏறி, அடுத்த வளைவில் நமக்கு முன்னால் நிற்பான். வேனில் போகிறவர்களுக்கு அவன் மூச்சு வாங்க ஓடி வருவதுதான் வேடிக்கை. எங்களுக்காக அவன் ஓடவே இல்லை. ஆற அமர நடந்து வந்து, மூன்றாவது வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, தள்ளிவிடவா?"

"பூவுக்கு எவ்வளவு, தள்ளுறதுக்கு எவ்வளவு?" என்றார் சித்தப்பா.

"பூ வாங்கினா தள்ளுறது சும்மா."

வாங்கினோம். ஆனால் தள்ள வேண்டிய இடம் லபுக்கலைப் பக்கம்தான் வந்தது, அங்கே அவன் இல்லை. வண்டி நின்றுவிட்டது. மைனரில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்கும். அன்று சத்தமே இல்லை. பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது கீழிருந்து பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்' கேட்டது. வேறென்ன, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற சூன் பாண் த்ரீவீல்தான்! தோட்டம் தோட்டமாக பாண் விற்கிறவர்கள் எல்லாரும் எப்படி இந்த ஒரே மெட்டைப் பிடித்தார்கள் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

பாண்காரர் வயதான சிங்களவர். மியூசிக்கை நிறுத்தாமலே இறங்கி வந்தார். சாவியைப் போடச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு எங்கள் ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, எஞ்சின் அறையின் பின்சுவரில் இருந்த பம்பின் மேல் பிடியால் இரண்டு தட்டு. டிக் டிக் டிக்! அதற்குள்ளே கரண்டைத் தொடுத்து விடுகிற பாயின்ட் ஒட்டிக்கொண்டால் இப்படித் தட்டித்தான் எழுப்ப வேண்டுமாம். இளமையில் கராஜில் வேலை செய்தவராம். பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் சொன்னார். காசு வேண்டாம் என்றுவிட்டதால் கிம்புலா பணிஸ் வாங்கி, பொனட் மேல் வைத்து அவரையும் நிறுத்திவைத்துத் தின்றோம். சீனி ஒட்டிய அந்தப் பணிஸும் அந்தக் குளிரும்! ஏசி போட்டு ஜன்னலை மூடிக்கொண்டு போகிற வேனில் இதெல்லாம் கிடைக்காது. மலைக்குப் பழைய வண்டிதான் சரி என்பது என் கட்சி.

பதுளை டவுன்:

என்னிடம் வண்டி இல்லை. இ.போ.ச. என்கிற அரசாங்க பஸ்ஸே போதும். பழைய லேலண்டில் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி இருக்குமே, அதற்கு அடுத்த சீட்டைப் பிடித்தால் ஹக்கலைக் குளிரிலும் ஸ்வெட்டர் வேண்டாம். கண்ணாடிக்கு மேலே புத்தரும் பிள்ளையாரும் மாதாவும் வரிசையாக இருந்த ஒரு பஸ்ஸில் வந்தேன். ஒரு தோட்டத்துச் சந்தியில் ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை, ஆனாலும் பஸ் நின்றது. ஸ்கூல் உடுப்போடு ஒரு பிள்ளை ஓடி வந்தாள். டிரைவர் டேஷ்போர்டிலிருந்து மருந்துப் பையை எடுத்து நீட்டி, "ஆத்தாகிட்ட சாப்பாட்டுக்குப் பிறகுன்னு சொல்லு" என்றார். மறுபடி கியர். பின்னால் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஹப்புத்தளைப் பனி:

எங்கள் பக்கத்தில் இப்போது வினோத வண்டி என்றால் வெள்ளைக்காரர் ஓட்டுகிற த்ரீவீல்தான். வாடகைக்கு எடுத்து, சாமானைப் பின்னால் கட்டிக்கொண்டு நாடு சுற்றுகிறார்கள். தம்பேதென்னையிலிருந்து லிப்டன் சீட் என்கிற காட்சி முனைக்கு ஏறுகிற தோட்டத்து ரோடு உங்களுக்குத் தெரியும், ஒரு வண்டிக்கே சரி. ஒரு ஜோடி மேலே ஏறுகிறது, எதிரே தேயிலைக் கொழுந்து லொறி இறங்குகிறது. லொறி பின்னால் போக முடியாது. த்ரீவீல்தான் போக வேண்டும். அந்த மனிதர் கியரை எந்தப் பக்கம் திருகினாலும் வண்டி முன்னுக்கே பாய்கிறது! ரிவர்சுக்குத் தனி லீவர் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

லொறியின் பின்னால் கொழுந்துச் சாக்குகளுக்கு மேலே அக்காமார் ஐந்தாறு பேர். அவர்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை. "இந்தா, கீழ பாரு தம்பி, கீழ! கையை விடு!" என்று ஆளுக்கொரு பக்கம் தமிழில் கிளாஸ் எடுத்தார்கள். அவரும் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்றார். கடைசியில் கிளீனர் இறங்கிப்போய், அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து, ஒரே இழுப்பில் வளைவுவரை பின்னுக்குக் கொண்டுபோய் ஒதுக்கினான். அந்தப் பெண் பையிலிருந்து சாக்லேட் எடுத்துக் கொடுத்தாள். லொறி போகும்போது அது மேலே சாக்குகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது, கிளீனருக்குக் கவர் மட்டும்.

வெலிமடைச் சின்னவன்:

நான் மரக்கறி லொறி. லீக்ஸும் கரட்டும் ஏற்றி ராவோடு ராவாகத் தம்புள்ளைக்கு இறக்க வேண்டியவன். கொட்டகலைக்காரரே, உங்கள் மொரிஸுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறவர்கள் நாங்கள்தான். அழகாக இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பின்னால் நாலு லைட் தெரிந்தால் கொஞ்சம் ஒதுங்கி விடச் சொல்லுங்கள் சித்தப்பாவை.

இறங்கும்போதும் கவனம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று எனக்குத் தொழில் பழக்கியவர் சொன்னார். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை விட்டுவிடும். கருகிய வாசனை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.

சரி, அனுபவம் கேட்டீர்கள். ஒரு ராத்திரி லபுக்கலையில் அப்படிப் பனி. ரோட்டின் நடுக்கோடுகூடத் தெரியவில்லை. எங்கள் கிளீனர் பையன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி முன்னால் நடந்தான், நான் ஃபர்ஸ்ட் கியரில் பின்தொடர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு ஊர்வலமே வருகிறது: கார்கள், ஒரு பஸ், பூ ஜோடித்த கல்யாண வேன். எல்லாருக்கும் வழிகாட்டி இந்தப் பொடியன்தான். பனி விலகியதும் வேனிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து அவனிடம் ஒரு கேக் பெட்டியைக் கொடுத்தார். அதிலிருந்து அவனுக்கு ஒரே பெருமை, தெளிவான ரோட்டிலும் இறங்கி நடக்கவா என்கிறான்.

மஸ்கெலியா த்ரீவீல்:

2022இல் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது த்ரீவீலுக்கு வாரத்துக்கு 5 லீட்டர். அதை வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஏறி இறங்கியவன் நான். டவுனில் நின்று ஆள் சேரும்வரை புறப்பட மாட்டேன். முன்பு பேசாமல் இருந்த, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களைச் சேர்ந்த இரண்டு பேர் என் பின்சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ராசியானார்கள். பெட்ரோல் தாராளமாக வந்ததும் மறுபடி தனித்தனி ஹயர்தான்.

கொட்டகலைக்காரன்:

வெலிமடைச் சின்னவனுக்கு: சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன், ஒதுங்குவாராம். ஆனால் லொறிக்காரர்கள் ஹோர்ன் அடிப்பதைப் பாதியாகக் குறைக்க வேண்டுமாம். நுவரெலியா ஏப்ரல் சீசனில் மகாகஸ்தொட்டை கார் மலையேற்றப் போட்டி பார்க்க இதே காரில் போகத்தான் இப்போது திட்டம் போடுகிறார். 1934இல் தொடங்கிய ரேஸ், அங்கே தன் காருக்கு மரியாதை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அதற்கு முன்னால் அந்தப் பம்புக்கு ஒரு பாயின்ட் செட் வேண்டும். கண்டியில் விசாரித்தாயிற்று, இல்லை. யாரிடமாவது இருந்தால் விலையைச் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பயணம் மட்டும் பஸ்ஸில்தான்.