டிரான்ஸ்ஃபர் கேஸ்: ‘பகிர்வுப் பெட்டி’யை விடக் ‘கிளைப்பெட்டி’ பொருந்துவது ஏன்?

அன்பர்களுக்கு வணக்கம்.

நான்கு சக்கர இயக்க வண்டிகளில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் அமர்ந்து முன்னிருசுக்கும் பின்னிருசுக்கும் (இருசு: ஆக்ஸில்) விசையை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு, நம் கலைச்சொல் தொகுப்புக்காக இதுவரை மாற்றுப் பெட்டி, பரிமாற்றப் பெட்டி, மடைமாற்றி, விசைப் பகிர்வுப் பெட்டி என நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. கடைசிச் சொல்லுக்கே ஆதரவு மிகுதி. அண்மையில் ஜீப் போன்ற வண்டிகளில் வரும் என்பி 231 (NP231) வகைப் பெட்டி ஒன்றை வீட்டிலேயே முழுவதும் பிரித்து, சங்கிலி, பேரிங்குகள், ஆயில் சீல்கள் ஆகியவற்றைப் புதிதாக இட்டு மீண்டும் பூட்டினேன். அந்த வேலையைத் தொடங்கும்போது நானும் ‘பகிர்வு’ப் பக்கமே இருந்தேன், முடித்தபோது அந்தச் சொல்லுக்கு உரிய இடம் வேறு என்று தெளிந்தேன்.

‘மாற்று’ என்பதை முதலிலேயே விலக்கிவிடலாம். கழற்றிய உறுப்புகளைத் தனித்தனிப் பைகளில் இட்டுத் தமிழிலேயே பெயர் எழுதி வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து ஒரு பையின் மேல் ‘மாற்றுக் கவை’ என்றிருந்தது (கவை: நிலை மாற்றும்போது உள்ளுறுப்புகளை நகர்த்தும் கவட்டை வடிவ உறுப்பு, ஃபோர்க்). அது நிலையை மாற்றும் கவையா, மாற்றிவிட வேண்டிய கவையா, புதிதாக வாங்கி வைத்த கவையா என்று எழுதிய எனக்கே விளங்கவில்லை. ஒரு பைக்குள்ளேயே மூன்று பொருள் தரும் சொல், பழுதுபார்க்கும் கையேட்டில் என்ன பாடு படுத்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

‘மடைமாற்றி’ அழகான சொல். ஆனால் மடைமாற்றினால் ஒரு வாய்க்கால் நீர் நின்று மற்றொன்றில் பாயும். இங்கே முன்சக்கரங்களுக்கு விசை போகும்போது பின்சக்கரங்களுக்குப் போவது நிற்பதில்லை. ‘பரிமாற்றம்’ என்பது இருபுறமும் கொடுத்து வாங்குவது. கியர்பாக்ஸ் கொடுக்கிறது, இருசுகள் வாங்குகின்றன, அவ்வளவே. (முன்னிருசும் பின்னிருசும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியை உலர்ந்த தார்ச்சாலையில், நான்கு சக்கரங்களும் இயங்கும் 4எச் நிலையில் வளைத்து வளைத்து ஓட்டினால், முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வளைவில் செல்வதால் இரு இருசுகளுக்கும் இடையே முறுக்கம் ஏறி, நெம்புகோல், பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் 2எச் நிலைக்கு வர மறுக்கும். அப்போது மட்டும் ஒருவகைப் பரிமாற்றம் நடக்கிறது எனலாம். ஆனால் ஒரு கோளாற்றின் பெயரை உறுப்புக்குச் சூட்டுவது முறையாகாது.)

இனி ‘பகிர்வு’. பகிர்தல் என்றால் பங்கு உண்டு, பங்குக்கு அளவு உண்டு. என்பி 231 போன்ற பகுதிநேரப் பெட்டிகள் (வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரங்களையும் இயக்குபவை) 4எச் நிலையில் எந்தப் பங்கையும் வகுப்பதில்லை. முன்தண்டையும் பின்தண்டையும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பூட்டிவிடுகின்றன. முன்சக்கரங்கள் இரண்டும் பனிக்கட்டியின் மேல் நின்றால், ஏறக்குறைய முழு முறுக்குவிசையும் (டார்க்) பின்னிருசுக்கே போகும். பின்சக்கரங்கள் பிடிப்பிழந்தால் முன்னிருசுக்குப் போகும். எவ்வளவு போகிறது என்பதைத் தரை தீர்மானிக்கிறது, பெட்டி தீர்மானிப்பதில்லை. பாதிக்குப் பாதி என்று பலர் எழுதுவது வேகத்தையும் முறுக்குவிசையையும் குழப்பிக்கொள்வதால் வரும் பிழை. முன்பின் பக்கங்களுக்குச் சம அளவான பல்லிணைகள் (கியர்கள்) கொண்ட, பூட்டப்படாத நடு டிஃபரன்ஷியலில் நிலைமை நேரெதிர்: வேகங்கள் வேறுபடலாம், முறுக்குவிசையோ சமமாகவே பகிரப்படும். ஆகவே ‘பகிர்வி’ என்ற சொல் அந்த நடு உறுப்புக்கே உரியது. அதை இப்போது வெளிப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டால், முழுநேர இயக்க வண்டியின் பெட்டிக்குள் இருக்கும் அந்த உறுப்பைப் ‘பகிர்வுப் பெட்டிக்குள் உள்ள பகிர்வி’ என்றுதான் அழைக்க வேண்டியிருக்கும்.

பெட்டியைத் திறந்தபோது கண்டது இது. கியர்பாக்ஸிலிருந்து வரும் விசை முதன்மைத் தண்டு வழியே நேராகப் பின்னால் போகிறது. அத்தண்டின் மேல் ஒரு சங்கிலிப் பற்சக்கரம் தளர்வாக ஏறியிருக்கிறது. 2எச் நிலையில் தண்டு சுழன்றாலும் அது தண்டோடு பிணைந்திருப்பதில்லை. கவை ஒன்று நகர்ந்து ஒரு பல்வளையத்தைத் தள்ளியதும் பற்சக்கரம் தண்டோடு பூட்டிக்கொள்ள, அகன்ற சங்கிலி வழியே விசை கீழே பக்கவாட்டில் உள்ள இரண்டாம் தண்டுக்கு இறங்கி முன்னிருசை நோக்கிப் போகிறது. அடிமரம் ஒன்று, அதிலிருந்து கிளை ஒன்று. ‘கிளை’ என்பது வழி பிரிவதை மட்டும் சொல்கிறது. எந்த வழியில் எவ்வளவு என்ற வாக்குறுதி எதையும் தருவதில்லை. எனவே விசைக்கிளைப் பெட்டி, சுருக்கமாகக் கிளைப்பெட்டி என்று முன்மொழிகிறேன். கியர்பாக்ஸுக்கு ஏற்கெனவே வழங்கும் பல்லிணைப்பெட்டி என்பதோடு ஓசையிலும் இணைகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லீஸ் ஜீப்பில் இருந்த ஸ்பைசர் 18 பெட்டியில் அடிமரம் என்று எதுவும் நேராகப் போவதில்லை. விசை முழுவதும் இடைப் பல்லிணை வழியே பக்கவாட்டில் உள்ள வேறொரு அச்சுக்கோட்டுக்குப் பெயர்ந்து, அங்கிருந்துதான் முன்னும் பின்னும் பிரிகிறது. ஆங்கிலப் பெயர் சுட்டும் இடப்பெயர்ச்சியை அங்கே கண்ணால் காணலாம். ஆனால் அங்கும் உள்ளே வருவது ஒன்று, வெளியே போவது இரண்டு. அச்சுக்கோடு விலகுவது கட்டமைப்பில் உள்ள வேறுபாடுதான். பெயரை இடப்பெயர்ச்சியின் மேல் கட்டினால் என்பி 231 வெளியே நிற்கும். கிளையின் மேல் கட்டினால் இரண்டும் உள்ளே வரும். கியர்பாக்ஸிலிருந்து விலகித் தனியே நின்று சிறு தண்டினால் இணைக்கப்படும் வகையைத் தனித்த கிளைப்பெட்டி என்றும், மற்றதை ஒட்டிய கிளைப்பெட்டி என்றும் சொல்லிவிடலாம்.

‘கேஸ்’ என்ற பாதியும் கவனிக்க வேண்டியது. கையேடுகளில் அது சில இடங்களில் முழு உறுப்பையும், சில இடங்களில் வெளி வார்ப்பை மட்டும் குறிக்கிறது. முழு உறுப்புக்குப் பெட்டி, வார்ப்புக்குக் கூடு என்று பிரித்தால், ‘பின்கூட்டைக் கழற்றுமுன் வால்பகுதியையும் சர்க்கிளிப்பையும் எடுக்கவும்’ என ஐயமின்றி எழுத முடிகிறது.

சொல்லிலிருந்து சொற்கள் பிறப்பதே எனக்குப் பெரிய ஆறுதல். முன்னிருசுக்குப் போகும் தண்டு கிளைத்தண்டு, அதை ஓட்டுவது கிளைச்சங்கிலி, அதை இணைத்து விலக்குவது கிளைக்கவை. தேய்ந்து நீண்ட கிளைச்சங்கிலி சுமையின்போது பல் தாண்டிக் குதிக்கும். கூட்டின் உட்புறத்தில் உரசிய தடமும் விழும். இந்த வாக்கியத்தை ‘பகிர்வுச் சங்கிலி’ என்று எழுதிப் பார்த்தேன். கடிதத்தை அடுத்தடுத்து அனுப்பச் சொல்வது போல ஒலித்தது.

இரண்டாவது கவை வேக விகிதத்தை மாற்றுவது. கோள் பல்லிணைத் தொகுதியின் (பிளானட்டரி கியர்) வெளிவளையம் கூட்டோடு அசையாமல் நிற்க, நடுப் பல்லிணை வழியே விசை நுழைந்து கோள்தாங்கி வழியே வெளியேறும்போது என்பி 231-இல் வேகம் 2.72 மடங்கு குறைகிறது. உராய்விழப்பு நீங்கலாக முறுக்குவிசை அதே அளவு பெருகுகிறது. பழைய என்பி 205-இல் இவ்விகிதம் 1.96. வலிமை கூடும் இந்த நிலையைத் ‘தாழ்நிலை’ என்பது படிப்பவரை எதிர்ப்புறம் இழுக்கிறது. இழுவைநிலை, ஓட்டநிலை என்ற இணையைப் பரிந்துரைக்கிறேன். அவற்றுக்கிடையே நகர்த்துவது நிலைக்கவை. என் பைகளின் மேல் இப்போது இந்தப் பெயர்களே இருக்கின்றன.

மின்பணியாளர்கள் கம்பிகள் கூடும் பெட்டியோடு ‘கிளைப்பெட்டி’ என்ற சொல்லைக் குழப்பிக்கொள்ளலாம் என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதற்காகவே ஒரு கட்டுரையில் சொல் முதலில் வரும் இடத்தில் ‘விசை’ முன்னொட்டைக் கட்டாயமாக்கலாம் என்கிறேன். தொகுப்பில் இடவேண்டிய விளக்கத்துக்கு என் வரைவு:

விசைக்கிளைப் பெட்டி (சுருக்கம்: கிளைப்பெட்டி): பல்லிணைப்பெட்டியிலிருந்து ஒரு தண்டு வழியே பெறும் விசையை முன், பின் இருசுகளுக்குச் செல்லும் இரு தண்டுகளுக்குக் கிளைக்கச் செய்யும் உறுப்பு, கிளையை விலக்கும் அமைப்பும், இழுவைநிலையும், நடுப் பகிர்வியும் வகைக்கேற்ப இருக்கலாம்.