மறு: செமிபிரைம் எண்ணுக்குத் தமிழ்ச்சொல்

> செமி என்றால் அரை. 'அரைப்பகா எண்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாக இருக்கும்.

வணக்கம் ஐயா,

எளிதுதான். ஆனால் கேட்கிற மாணவர் பாதி பகா, பாதி பகு என்று எதையோ நினைத்துக்கொள்வார். இதில் பாதி என்று எதுவுமே இல்லை. 6, 15, 77 போல இரண்டு பகா எண்களைப் பெருக்கி வருவது, அவ்வளவுதான். முழுக்க முழுக்கப் பகு எண்.

கொஞ்சம் பெரிய எண்ணாகவே பார்ப்போம். 2-இன் 67ஆம் அடுக்கில் 1 கழித்தால் 147573952589676412927. இதைப் பகா எண் என்று 1644இல் மெர்சென் தன் பட்டியலில் சேர்த்துவிட்டார். 1876இல் எதுவார் லூக்கா இது பகு எண் என்று நிறுவினார், அதுவும் ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல்! 1903இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார். இரண்டும் பகா எண்கள். ஆக, 21 இலக்க எண்ணுக்கு 1-ஐயும் அதையும் சேர்த்து மொத்தம் நான்கே காரணிகள். அந்த இரண்டில் எதை 134ஆல் வகுத்தாலும் மீதி 1 வரும். அடுக்கு 67 ஒரு பகா எண் என்பதால் காரணிகள் இப்படித்தான் அமைய முடியும். தேடுகிறவருக்குப் பெரிய உதவி.

(தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் ஆர்எஸ்ஏ மறையாக்கம் நம்பியிருப்பதும் இந்த வகை எண்களைத்தான். 250 இலக்க ஆர்எஸ்ஏ-250ஐ 2020இல் பிரித்துவிட்டார்கள்.)

> அப்படியானால் 'இருபகா எண்'?

காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 11, 13 போல 2 வேறுபாடு உள்ள சோடிக்குப் பாடநூலில் ஏற்கெனவே 'இரட்டைப் பகா எண்கள்' இருக்கிறதே. தேர்வு அவசரத்தில் இரண்டும் குழம்பும். 'இருபகாப் பெருக்கம்' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அப்புறம் 8, 30 போன்றவற்றை 'முப்பகாப் பெருக்கம்' என்று நீட்டிக்கொள்ளலாம். 'அரை'யை வைத்துக்கொண்டு மூன்றுக்கு எங்கே போவது, ஒன்றரைப்பகா என்றா?

'இரு' என்றதும் இரண்டும் வெவ்வேறாக இருக்கவேண்டும் என்று தோன்றலாம். 4, 9, 25 ஆகியவையும் இதில் சேரும். அவற்றுக்கு மூன்றே காரணிகள். இதை வரையறையில் எழுதினால் போதும், எல்லாவற்றையும் சொல்லுக்குள் திணிக்க முடியாது.

> 'பெருக்கம்' என்றால் மக்கள்தொகைப் பெருக்கம்தான் நினைவுக்கு வருகிறது. 'பெருக்கற்பலன்' என்பதிலிருந்து 'இருபகாப் பலன்' என்று எடுக்கலாமா?

பலன் என்றாலே ராசிபலன் பக்கம் போய்விடுவார்கள் ஐயா! ஆனால் பெருக்கம் செயலைக் குறிக்கிறது, நமக்கு வேண்டியது எண் என்ற உங்கள் தயக்கம் நியாயம்தான். 'இருபகாப் பெருக்கெண்' என்று முடித்தால் அதுவும் தீர்ந்தது. பன்மையும் 'பெருக்கெண்கள்' என்று இயல்பாக வருகிறது. வேறு மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் இதையே ஏற்றிவிடுகிறேன். 'அரைப்பகா எண்' என்று தேடி வருபவர்களுக்கு ஒரு வழிமாற்று போட்டுவிடலாம்.