சுகர் முகாமைப் பற்றி தாராவிப் பெண்கள் மனம்விட்டுப் பேசியபோது

(தாராவி, 90 ஃபீட் ரோடு பக்கத்திலிருந்து)

எங்கள் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் சுகர், பிரஷர் பரிசோதனை முகாம் நடத்தியது. அதனால் பலன் இருந்ததா என்று பார்க்க, வந்தவர்களைச் சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்துப் பேச முடிவு செய்தார்கள். தமிழில் பேச்சை நடத்த என்னைக் கூப்பிட்டார்கள். ரெஜிஸ்டர்படி முகாம் வெற்றிதான், முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஆனால் சுகர் இருக்கிறது என்று சீட்டு வாங்கிப் போனவர்களில் பலர் மறுபடி எட்டிப் பார்க்கவே இல்லை. அது ஏன் என்பது ரெஜிஸ்டரில் இல்லை.

முதல் குழுவில், முகாமுக்கு ஆள் சேர்த்த பணியாளர் அக்காவும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷி. ஆனால் அவர் இருந்த வரைக்கும் "எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. தினமும் முகம் பார்க்கும் ஆளை எதிரில் வைத்துக்கொண்டு யார் குறை சொல்வார்கள்? அடுத்த குழுவுக்கு அவர் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் வராதபடி வயது வாரியாகவும் பிரித்தோம். ஏழெட்டுப் பேர், ஒன்றரை மணி நேரத்துக்குள் பேச்சு, குறிப்பெடுக்கத் தனியாக ஒரு பெண்.

அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. இட்லி வியாபாரக் குடும்பத்துப் பெண் ஒருவர், வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுபோய் விற்பவர். அவர் சொன்னார்: "காலையில எட்டு மணிக்கு வெறும் வயித்தோட வாங்கன்னீங்க. நான் ராத்திரி ரெண்டு மணிக்கே எந்திரிச்சு அடுப்பு பத்த வைக்கிறவ. எட்டு மணிக்குள்ள மூணு டீ உள்ள போயிருக்கும். அதைச் சொன்னா திருப்பி அனுப்பிருவாங்கன்னு ஒண்ணும் சாப்பிடலேன்னு சொல்லிட்டேன்." அளவு கூடுதலாக வந்திருக்கிறது. பயந்துபோய் அப்புறம் வரவே இல்லை. அவர் முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர், "நானுந்தான்" என்றார். அப்புறம் இன்னொருவர். தனித்தனியாக வீடு தேடிப்போய்க் கேட்டிருந்தால் மூவரில் ஒருவர்கூட இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

வெறும் வயிற்று சோதனைக்கு எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. நடுராத்திரியில் வேலை தொடங்கும் வீடுகள் இத்தனை இருக்கும் இடத்தில் காலை எட்டு மணி என்று நேரம் குறித்தது யார் யோசனையோ! மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, செலவுதான் கூடுதல். சந்தேகம் வருகிறவர்களுக்காவது அதைச் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தோம்.

(மும்பை ஆன்டாப் ஹில்லிலிருந்து)

நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன், இப்படி ஒரு குழுவில் பதில் சொல்லப் போனவன். எங்கள் பில்டிங்கில் நடந்த நடைப்பயிற்சி, உணவு ஆலோசனைத் திட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். இங்கே பேசுவது வெளியே போகாது என்றார்கள். அவர்கள் வாயைக் கட்டலாம், கூட உட்கார்ந்த பக்கத்து வீட்டுக்காரர் வாயை யார் கட்டுவது? எனக்கு சுகர் இருப்பது ஒரு வாரத்தில் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது, வீட்டில் எவ்வளவு மனக்கஷ்டம் தெரியுமா! "கூட இருப்பவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள் என்று எங்களால் உறுதி தர முடியாது, அதனால் சொந்த நோயைச் சொல்ல வேண்டாம்" என்று கருத்துக் கேட்டவர்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. கடைசியில் வந்த அறிக்கையில் இத்தனை சதவீதம் பேருக்குத் திருப்தி என்று போட்டிருந்தார்கள். ஒரு அறையில் உட்கார்ந்த பத்துப் பேரை வைத்துச் சதவீதம் போடலாமா? 1940களில், இப்படிக் குழுவாக உட்கார வைத்துக் கருத்துக் கேட்கும் முறைக்கு (ஃபோகஸ் குரூப்) அடித்தளம் போட்ட அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனே 1987இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இப்படிக் கிடைப்பது யோசனைகள்தான், அது எவ்வளவு பேருக்குப் பொருந்தும் என்பதைத் தனியாகக் கணக்கெடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

(மறுபடி தாராவி)

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. நாங்கள் "உங்களுக்கு" என்று கேட்காமல், "உங்க சாலில் (வரிசை வீடுகள்) இருக்கிற பொம்பளைங்க ஏன் திரும்ப வர மாட்டேங்கறாங்க?" என்றுதான் கேட்டோம். அடுத்தவரைப் பற்றிப் பேசுவதுபோல் சொந்தக் கதையைச் சொல்ல அது வசதியாக இருந்தது. சதவீதம் எதுவும் போடவில்லை. வெறும் வயிற்றில்தான் வந்தீர்களா என்ற கேள்வியை வீடு வீடாகக் கேட்கும் படிவத்தில் சேர்த்திருக்கிறோம்.

முகாம் பக்கமே வராதவர்களையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். பெண்கள் வந்துவிடுவார்கள். தோல் பட்டறை ஆண்கள் வேலை விட்டு வரவே ராத்திரி ஒன்பதாகிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும் என்கிறார்கள். அவர்களை உட்கார வைத்துப் பேசியவர்கள் யாராவது இருந்தால் எந்த நேரம், எந்த இடம் ஒத்துவந்தது என்று எழுதுங்கள்.