ரோமானியக் குடியரசைக் கொன்றது சீசரா, செனட்டா?

வைகைக்கரையான்:
ரோமானியக் குடியரசு விழுந்ததைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கதை ஒன்றுதான்: கி.மு. 49-இல் தளபதி சீசர் சட்டத்தை மீறி, படையோடு இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைக் கடந்தார், குடியரசு செத்தது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. முதல் அடி விழுந்தது அதற்கு 84 வருடம் முன்பு, கி.மு. 133-இல்.

பொதுநிலத்தைப் பணக்காரர்கள் வளைத்துப் போட்டிருந்த காலம். 500 யூகேராவுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 300 ஏக்கருக்கு மேல், யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, மிச்சத்தை நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார் டைபீரியஸ் கிராக்கஸ். பாமர மக்கள் தேர்ந்தெடுத்த டிரிபியூன் அவர். டிரிபியூன் மேல் கை வைப்பது தெய்வக் குற்றம். அப்படிப்பட்டவரை, ரோமின் பெரிய மனிதர்கள் கூடும் செனட் சபையின் உறுப்பினர்களும் அவர்களுடைய ஆட்களும் உடைந்த பெஞ்சுக் கால்களாலும் தடிகளாலும் அடித்தே கொன்றார்கள். கூட இருந்தவர்களில் சுமார் 300 பேர் செத்தார்கள். பிணத்தையாவது கொடுங்கள், இரவோடு இரவாக அடக்கம் செய்துவிடுகிறோம் என்று தம்பி கேட்டார். கொடுக்கவில்லை. டைபர் ஆற்றில் வீசினார்கள். சட்டத்தைக் காக்க வேண்டிய சபையே இதைச் செய்தது.

நிலாமதி:
வைகை அண்ணா, பாதியைத்தான் சொல்கிறீர்கள். தன் சட்டத்துக்குத் தடை போட்ட சக டிரிபியூன் ஆக்டேவியஸை ஓட்டெடுப்பு நடத்திப் பதவியிலிருந்தே தூக்கியவர் டைபீரியஸ். கொலை நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெருவில் நடக்கும் அடிதடி வேறு, நாட்டின் படையை நாட்டின் மேலேயே திருப்புவது வேறு.

கி.மு. 88-இல் தளபதி சுல்லா ரோம் நகரத்தின் மேல் படையெடுத்தபோது, அவருடைய அதிகாரிகளில் ஒருவரைத் தவிர எல்லோரும் விலகிப் போனார்கள். அந்த அளவுக்கு மனசாட்சி உறுத்தியது. கி.மு. 49-இல் சீசரை விட்டுப் போன பெரிய தளபதி என்றால் லபியேனஸ் ஒருவர்தான். இன்றைய பிரான்ஸான கௌல் நாட்டில் பல வருடம் கொள்ளையடித்து, சம்பளத்தை இரட்டிப்பாக்கி, குடியரசின் படையைத் தன் சொந்தப் படையாக மாற்றினார் சீசர். அந்தப் பழியை 84 வருடத்துக்கு முன்னால் செத்தவர்கள் தலையில் கட்ட முடியாது.

ஏட்டுச்சுவடி:
இரண்டு பேரும் பணத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். கி.மு. 54-இல், குடியரசின் உச்சப் பதவியான கான்சல் பதவிக்கான தேர்தலுக்கு லஞ்சம் கொடுக்க வேட்பாளர்கள் வாங்கிய கடனால் ரோமில் வட்டி விகிதமே 4 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. அன்றைய செனட்டரும் பெரும் பேச்சாளருமான சிசரோவின் கடிதத்தில் இது இருக்கிறது. அந்தக் கடனை அடைக்க எளிய வழி, ஆளுநராகப் போய் மாகாணத்தைச் சுரண்டுவது.

சீசரைக் குத்திய புரூட்டஸைக் குடியரசின் காவலன் என்று தூக்கி வைக்கிறோமே, அவர் சைப்ரஸில் செய்ததைப் பாருங்கள். சலாமிஸ் நகரத்துக்கு வேறு ஆட்களை முன்னால் நிறுத்தி 48 சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்தார். வசூலுக்குப் போன ஸ்காப்டியஸ், அந்த ஊர்ச் சபையை அவர்களுடைய மண்டபத்திலேயே குதிரைப் படையை வைத்து அடைத்துப் போட்டார். உள்ளே ஐந்து பேர் பட்டினியில் செத்தார்கள். அப்புறம் ஆளுநராகப் போன சிசரோ, 12 சதவீதத்துக்கு மேல் அனுமதிக்க முடியாது என்றபோதுதான் கடன் புரூட்டஸுடையது என்று அவருக்கே தெரிந்தது. இவர்கள் 'சுதந்திரம்' என்று சொன்னது யாருடைய சுதந்திரம்?

வைகைக்கரையான்:
ஏட்டுச்சுவடி சொன்னது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. நிலாமதி, படைவீரன் ஏன் தளபதியின் ஆளாக மாறினான்? முன்பெல்லாம் நிலம் உள்ள விவசாயிதான் படைக்குப் போவான், போர் முடிந்தால் ஊர் திரும்புவான். கி.மு. 107-இல் கான்சல் மரியஸ், சொத்தே இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டார். அவனுக்குத் திரும்பிப் போக நிலம் இல்லை. அதைக் கொடுக்கும் ஏற்பாடும் அரசிடம் இல்லை. தளபதி வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு.

தளபதி பாம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கை வென்று கி.மு. 62-இல் இத்தாலியில் இறங்கியவுடன் படையைக் கலைத்து அனுப்பினார். நினைத்திருந்தால் அன்றே ரோமைப் பிடித்திருக்கலாம். சட்டத்தை மதித்து வந்து, என் வீரர்களுக்கு நிலம் கொடுங்கள் என்று கேட்டார். செனட்டர்கள் கேட்டோவும் லுக்குல்லஸும் சேர்ந்து இழுத்தடித்தார்கள். அதற்குப் பிறகுதான் சீசர், கிராசஸ், பாம்பி மூவர் கூட்டணி. கி.மு. 59-இல் சீசர் கான்சலாகி அந்த நிலத்தைக் கொடுத்தார், அடிதடியோடுதான். நேர்வழியில் வந்தவனுக்குக் கதவைச் சாத்தினால், அடுத்தவன் கதவை உடைத்துக்கொண்டுதான் வருவான்.

தென்காசி வாசகன்:
ஒரு சந்தேகம். கடைசி நேரத்தில் சமாதானத்துக்கு வழியே இல்லையா?

வைகைக்கரையான்:
இருந்தது தம்பி. கி.மு. 50 டிசம்பரில், சீசரும் பாம்பியும் ஒரே நேரத்தில் படையைக் கைவிட வேண்டும் என்று டிரிபியூன் கியூரியோ செனட்டில் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 370, எதிர்ப்பு வெறும் 22. அதைச் செல்லாக்காசாக்கியவர் கான்சல் மார்செல்லஸ். சபையைக் கலைத்துவிட்டு நேராகப் பாம்பியிடம் போய், நாட்டைக் காக்கச் சொல்லி வாளை நீட்டினார். செனட் அப்படி முடிவெடுக்காதபோது அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நிலாமதி:
அந்த 370 பேரைத்தான் நானும் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். செனட்தான் குற்றவாளி என்கிறீர்களே, 370 பேர் போர் வேண்டாம் என்று எழுந்து நின்றார்களே! 22 பேரின் பிடிவாதம் குற்றம்தான். தீர்மானம் கொண்டுவந்த கியூரியோவின் கடனை அடைத்தது சீசர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சீசர் எதற்காக ஆற்றைக் கடந்தார்? ஏழைக்காகவா? தன் கௌரவம் உயிரைவிடப் பெரியது என்று அவரே தன் உள்நாட்டுப் போர் நூலில் எழுதியிருக்கிறார். கையில் இருந்தது ஒரே ஒரு லெஜியன், அதாவது ஒரே ஒரு படைப்பிரிவு. அப்போதும் அவர் நின்றிருக்கலாம். சுல்லா ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றவர், ஆனாலும் சர்வாதிகாரப் பதவியைத் துறந்துவிட்டுப் போனார். சீசர் கி.மு. 44-இல் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார். குடியரசு திரும்பிவரும் கடைசி வழியையும் அடைத்தது அதுதான்.

வைகைக்கரையான்:
அப்படியென்றால் அவரைக் கொன்றதும் குடியரசு திரும்பியிருக்க வேண்டுமே? அடுத்த வருடமே, சீசரின் தத்துப்பிள்ளையான 19 வயது ஆக்டேவியனுக்குக் கான்சல் பதவி கேட்டு அவன் வீரர்கள் செனட்டுக்கு வந்தார்கள். சபை தயங்கியது. கொர்னேலியஸ் என்ற செஞ்சுரியன் (சிறு படைப்பிரிவின் தலைவன்) மேலாடையை விலக்கி வாளின் பிடியைக் காட்டி, நீங்கள் செய்யாவிட்டால் இது செய்யும் என்றான். பதவி கிடைத்தது. அந்த டிசம்பரில் சிசரோவின் தலையும் கையும் அவர் பேசிய அதே மேடையில் தொங்கின. சீசர் செத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

நிலாமதி:
அந்தப் பையனுக்கு முதலில் படை எங்கிருந்து வந்தது அண்ணா? இத்தாலியின் காம்பானியா பகுதியில் சீசர் குடியமர்த்திய பழைய வீரர்கள். ஆளுக்கு 500 தினாரியஸ் வெள்ளிக்காசு கொடுத்துக் கிளப்பினான். நிலமும் கையில் இருந்தது, ஊரும் இருந்தது. நிலம் கிடைத்திருந்தால் வீரன் அடங்கியிருப்பான் என்கிறீர்களே, நிலம் கிடைத்த பிறகும் சீசரின் பெயருக்காக வாளை எடுத்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?