ரீமேப் செய்த லாராவுக்கு ஆறு பக் செராமிக் பிளேட்டா? யார் சொன்னது?

ஓசூர் கியர்மேன்:
கிருஷ்ணகிரித் தம்பி ஒருவர் ரீமேப் செய்த (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிச் சக்தியைக் கூட்டின) ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ மேனுவல் காருக்கு எந்த கிளட்ச் போடலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு பாலக்கோடு பூஸ்ட், "ஆறு பக் செராமிக் போடு, பரப்பு குறைவு, அதனால் பிடி அதிகம், ஆயுசுக்கும் கவலையில்லை" என்று எழுதியிருக்கிறார். ஆறு பக் என்றால் உரசும் பகுதி முழு வளையமாக இல்லாமல் ஆறு தனித்தனி வில்லைகளாக இருக்கும் கிளட்ச் பிளேட். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பரப்பு குறைந்தால் பிடி எப்படிக் கூடும்? கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுற்றும் கனச் சக்கரம்) சேர்த்து பிரஷர் பிளேட் அமுக்கும் விசை அதேதான் என்றால் பரப்பு பெரிதோ சிறிதோ, பிடி அதேதான். கூட்டிக் கொடுப்பது செராமிக்கின் உராய்வு. கம்பெனி கொடுத்த டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) 250 நியூட்டன் மீட்டர், ரீமேப்பில் 300-ஐத் தாண்டும். அதற்கு அமுக்கும் விசை கூடின பிரஷர் பிளேட்டும் நல்ல ஆர்கானிக் (சாதாரண கார்களில் வரும் வகை) பிளேட்டும் போதும்.

பாலக்கோடு பூஸ்ட்:
அண்ணா, ஹீல்ஸ் செருப்பால் மிதித்தால் ஏன் அப்படி வலிக்கிறது? பரப்பு குறைவு, அதனால்தான். என் வண்டியில் ஆறு பக்தான் ஓடுகிறது, தொப்பூர் மேட்டில் ஐந்தாவது கியரில் முழுக்க மிதித்தாலும் ஸ்லிப் கிடையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஓசூர் கியர்மேன்:
வலிப்பது அழுத்தத்தால். கிளட்ச் வேலை செய்வது உராய்வு விசையால். உராய்வுக் கெழு, அமுக்கும் விசை, சராசரி ஆரம், உரசும் முகங்களின் எண்ணிக்கை, இந்த நான்கையும் பெருக்கினால் டார்க் வந்துவிடும். இதில் பரப்பு எங்கே? ட்வின் பிளேட்டில் முகம் இரண்டு நான்காகிறது, அதனால் பிடி இரட்டிப்பு. அங்கேயும் பரப்பு இல்லை.

அரூர் டிராக்டர்:
பரப்புக்கு வேலையே இல்லை என்றால் லாரிக்கு எதற்கு அவ்வளவு பெரிய பிளேட்? எங்கள் டிராக்டரில் செராமிக் பட்டன் பிளேட்தான், சேற்றில் உழுதாலும் அசையாது.

ஓசூர் கியர்மேன்:
லாரி பிளேட் பெரிது என்றால் ஆரம் பெரிது, அப்புறம் லோடோடு கிளம்பும்போது வரும் சூட்டையும் அது தாங்க வேண்டும். பரப்பு உதவுவது சூட்டுக்கும் தேய்மானத்துக்கும்தான், பிடிக்கு அல்ல. டிராக்டர் ஒரு தடவை கியர் போட்டால் வயல் முழுக்க அப்படியே ஓடும். தம்பி தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் ஊர்ந்து போகிறவர். ஆறு பக்கில் ஹாஃப் கிளட்ச் வைத்து ஓட்டவே முடியாது. பெடல் ஒரு விரல் அளவு மேலே வருவதற்குள் மொத்தமாகப் பிடித்துவிடும், வண்டி தடதடவென்று உதறும், அதையும் மீறி நெரிசலில் விட்டு விட்டு மிதித்தால் ஃப்ளைவீல் முகத்தில் நீல நீலமாகச் சூட்டுத் தழும்பு விழும். கழற்றிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

கிருஷ்ணகிரி லாரா:
அண்ணா, அப்போது வண்டியில் இருக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலை (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு துண்டு வகை) வைத்துக்கொள்ளலாமா, ஒரே துண்டான சிங்கிள் மாஸ் போட வேண்டுமா?

பாலக்கோடு பூஸ்ட்:
சிங்கிள் மாஸ் போடு தம்பி. அவரிடம் கேட்காதே, போன வருடம் ஒருவரை டூயல் மாஸ் ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துச் சீவச் சொன்னவர் அவர். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும், இது பள்ளிக்கூடப் பாடம். நான் தருமபுரியிலிருந்து சேலம் போகும்போதெல்லாம் தொப்பூர் மேட்டில் சோதித்துத்தான் சொல்கிறேன்.

ஓசூர் கியர்மேன்:
தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கம்! ரெட்டைப் பாலத்துப் பக்கம் லோடு லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுவது எந்தப் பக்கம் போகும்போது? இறக்கத்தில் சோதித்துவிட்டு ஸ்லிப் இல்லை என்கிறார். லேத் விஷயம், நான் சொன்னது சிங்கிள் மாஸுக்கு மாற்றின வண்டிக்கு, பழைய பதிவை எடுத்துப் பாருங்கள்.

பாலக்கோடு பூஸ்ட்:
போனவன் திரும்பி வர மாட்டேனா, சேலத்திலேயேவா குடியிருக்கிறேன்? திரும்பும்போது மேடுதானே?

அரூர் டிராக்டர்:
ஓசூர்க்காரர்களுக்கு எங்களைக் கண்டாலே இளக்காரம். 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததிலிருந்து இதே பேச்சுதான்.

ஓசூர் கியர்மேன்:
மாவட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நான் கேட்டது ஒன்றுதான். தம்பி, டூயல் மாஸில் ஆட்டம் இல்லை என்றால் அதையே வைத்துக்கொள், சிங்கிள் மாஸ் போட்டால் வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது கியர்பாக்ஸில் கடகடவென்று சத்தம் வரும். ஐந்தாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழுக்க மிதித்துப் பார், ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறவில்லை என்றால்தான் கிளட்சே மாற்ற வேண்டும். பூஸ்ட், அந்த நான்கில் பரப்பு எங்கே வருகிறது என்று எழுதிக் காட்டுங்கள்.

பாலக்கோடு பூஸ்ட்:
என் பிளேட் ஸ்லிப் ஆகவில்லை. அதற்கு மேல் எழுதிக் காட்ட என்ன இருக்கிறது?

ஓசூர் கியர்மேன்:
பரப்பு எங்கே?